காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் ஒரு முழு நாள்: மூன்று அரண்மனை நகரங்களில் எதற்குக் கொடுப்பது?

முக்திநாத்துக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்குக் காத்மாண்டில் இரண்டு மூன்று நாள் எப்படியும் கிடைத்துவிடும். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமமாக முக்திநாத்தைக் கொள்வதால் அங்கே போய்வருவது பலருக்கு வாழ்நாள் ஆசை. அந்தப் பயணத்துக்குக் காத்மாண்டுதான் வாசல். அங்கே கிடைக்கும் நாட்களைச் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் நிரப்புகிற விதமும் ஏறக்குறைய ஒன்றுதான். விடிந்ததும் பசுபதிநாதர், பிறகு ஜலநாராயணர், பௌத்தநாத், சுயம்புநாத் ஸ்தூபிகள், மாலையில் தமேல் கடைவீதியில் ருத்திராட்சமும் ஸ்வெட்டரும். பட்டியலின் கடைசியில் "நேரம் இருந்தால் தர்பார் சதுக்கம்" என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் நேரம் இருக்காது.

அந்தக் கடைசி வரியை முதல் வரியாக மாற்றச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். இந்தப் பள்ளத்தாக்கின் ஏழு இடங்களை யுனெஸ்கோ 1979-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்த ஏழில் மூன்று, தர்பார் சதுக்கங்கள், அதாவது பழைய மல்ல மன்னர்களின் அரண்மனைச் சதுக்கங்கள்: காத்மாண்டின் அனுமான் டோகா, பாடன், பக்தபூர். மூன்றையும் ஒரே நாளில் வேனில் சுற்றிக் காட்டுகிறோம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்றாவது சதுக்கத்தில் இறங்கும்போது எல்லாச் செங்கல்லும் எல்லாக் கூரையும் ஒன்றுபோலவே தெரிய ஆரம்பித்துவிடும். ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்கு முழு நாள் கொடுப்பதே மேல்.

எதை எடுப்பது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் இரவு தங்க முடியும் என்றால் பக்தபூர். முட்டி வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால், அல்லது சிற்பங்களின் பொருளைப் புரிந்துகொண்டு பார்க்க விரும்பினால், பாடன். காத்மாண்டுச் சதுக்கத்தை அரை நாளில் முடித்துக்கொள்ளலாம். ஏன் இப்படி என்பதைச் சொல்வதற்குமுன், ஒரே பள்ளத்தாக்கில் மூன்று அரண்மனைகள் எப்படி வந்தன என்பதைப் பார்த்துவிடலாம். தேர்வுக்கு அது உதவும்.

15-ஆம் நூற்றாண்டில் பள்ளத்தாக்கு முழுவதையும் பக்தபூரிலிருந்து ஆண்டவர் யக்ஷ மல்லர். அவர் 1482-இல் இறந்தபின் நாடு பங்காளிகளுக்குள் பிரிந்தது. நாளடைவில் காத்மாண்டு, பாடன், பக்தபூர் என்று மூன்று சிற்றரசுகள் நிலைத்தன. ஒரே குலம், ஒரே குலதெய்வமான தலேஜு பவானி, பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான அதே நேவார் கைவினைஞர்கள். ஒருவர் அரண்மனை முன் கோயில் எழுப்பினால் அடுத்தவர் அதைவிட உயரமாக எழுப்பினார். ஒருவர் தூணின் உச்சியில் கைகூப்பி அமர்ந்த தன் உருவத்தை வைத்தால் மற்ற இருவரும் வைத்தார்கள். இந்தப் போட்டி 250 ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. கூர்க்காவிலிருந்து வந்த பிருதிவி நாராயண் ஷா 1768-69-இல் மூன்றையும் பிடித்த பிறகுதான் நின்றது.

ஆகவே மூன்று சதுக்கங்களின் அடிப்படை அமைப்பு ஒன்றே. வேறுபாடுகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்தவை. காத்மாண்டு ஷா மன்னர்களின் தலைநகராகி மேலும் மேலும் மாறியது. மற்ற இரண்டும் தலைநகர்த் தகுதியை இழந்ததாலேயே பழைய உருவத்தைக் கூடுதலாகக் காப்பாற்றிக்கொண்டன. இடையில் 1934-லும் 2015-லும் பெரும் நிலநடுக்கங்கள். எந்த நகரம் எதை இழந்தது, எதை எப்படி மீண்டும் கட்டியது என்பதும் இன்று நாம் பார்க்கும் காட்சியைத் தீர்மானிக்கிறது.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டும். நம் கண் பழகியது கோபுரம் தாண்டி, பிராகாரம் சுற்றி, கருவறை நோக்கிப் போவதற்கு. இங்கே பெரும்பாலான கோயில்களுக்கு மதில் கிடையாது. படிப்படியான பீடத்தின் மேல், தெருவின் நடுவிலேயே நிற்கின்றன. பல கோயில்களின் கதவுகள் பூசை நேரம் தவிர மூடியே இருக்கும். சில கோயில்களில் மூலவரைப் பூசாரியைத் தவிர யாரும் பார்ப்பதே இல்லை. "தரிசனம் கிடைக்கவில்லையே" என்று மனம் வாடிவிடக் கூடாது. கதவுக்கு மேலுள்ள தோரணப் பலகையைப் பாருங்கள், உள்ளே இருப்பது யார் என்று அது சொல்லிவிடும். பிறகு தலையை நிமிர்த்திக் கூரையைத் தாங்கும் சாய்ந்த மரக்கட்டைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தெய்வ உருவம் செதுக்கப்பட்டிருக்கும். இந்த இரண்டையும் பார்க்கப் பழகிவிட்டால் பள்ளத்தாக்கின் எந்தக் கோயிலும் அந்நியமாகத் தோன்றாது. மரக்கட்டைகளின் அடிப்பகுதியில் சில இடங்களில் காமச் சிற்பங்கள் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்கள் தெரிந்துகொண்டு போவது நல்லது.

காத்மாண்டு: அரை நாள்

விடுதி தமேலில் என்றால் அனுமான் டோகா நடந்தே போகும் தூரம். அந்த வசதியே அதன் முதல் பலம். வாசலில் செந்தூரம் பூசிய அனுமன், பிரதாப மல்லர் 1672-இல் வைத்தது. அதே மன்னர் அரண்மனைச் சுவரில் 15 மொழிகளின் எழுத்துகளில் காளிகாதேவி துதி ஒன்றைப் பொறித்திருக்கிறார். ஐரோப்பிய மொழிச் சொற்களும் அதில் உண்டு. முழுவதையும் வாசிப்பவர் இருந்தால் அங்குள்ள குழாயில் பால் வரும் என்பது ஊர்க்கதை. பக்கத்தில் கால பைரவரின் பெரிய கற்சிலை. பொய்ச் சத்தியம் செய்தவன் அவர் முன்னால் பிழைக்க மாட்டான் என்று நம்பி, அக்காலத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களை அங்கே நிறுத்திச் சத்தியம் வாங்கினார்களாம்.

குமாரி வீடும் இங்கேதான். 1757-இல் ஜயப்பிரகாச மல்லர் கட்டியது. உயிருள்ள தேவியாக வழிபடப்படும் சிறுமி அங்கே வாழ்கிறாள். சில நேரம் ஜன்னலில் வந்து நிற்பாள். படம் எடுக்கக் கூடாது, குரல் எழுப்பக் கூடாது. தெய்வமாகவே இருந்தாலும் அவள் ஒரு குழந்தை என்பதை மறந்து ஜன்னலை நோக்கிக் கூவுகிற கூட்டத்தோடு சேராதீர்கள்.

ஆனால் 2015 நிலநடுக்கம் இந்தச் சதுக்கத்தைக் கடுமையாகத் தாக்கியது. மஜு தேவல், திரைலோக்கிய மோகன நாராயணர், காஷ்டமண்டபம் எல்லாம் தரைமட்டமாயின. ஒன்பது நிலை வசந்தபூர் மாளிகையின் மேல்நிலைகள் சரிந்தன. பெரும்பாலானவற்றை மீண்டும் எழுப்பிவிட்டார்கள். அதில் காஷ்டமண்டபத்தை மட்டும் நின்று பார்க்கச் சொல்வேன். இடிபாட்டை அகழ்ந்தபோது அடித்தளம் 7-ஆம் நூற்றாண்டு வரை போகிறது என்று தெரிய வந்தது. அந்த அடித்தளத்தின் மேலேயே, பழைய முறையில், ஊர்மக்களின் முயற்சியில் 2022-இல் கட்டி முடித்தார்கள்.

சதுக்கத்தின் ஒரு பக்கத்தை 1908-இல் ராணா பிரதமர் சந்திர சம்ஷேர் கட்டிய வெள்ளை ஐரோப்பிய பாணி மாளிகை அடைத்துக்கொண்டிருக்கிறது. மல்லர் காலச் செங்கல், மரவேலைகளுக்கு நடுவே அது ஒட்டவில்லை. வாகன இரைச்சலும் வழிகாட்டிகளின் நச்சரிப்பும் இங்கேதான் அதிகம். அதனால்தான் அரை நாள் என்றேன். மேற்கே சுயம்புநாத் அருகிலேயே இருப்பதால் இரண்டையும் சேர்த்துவிடலாம். கிழக்குப் பக்கம் 365 படிகள். ஏற முடியாதவர்கள் மேற்குப் பக்கம் வண்டியில் போனால் சில படிகளோடு முடிந்துவிடும்.

பாடன்

பாக்மதி ஆற்றைத் தாண்டினால் பாடன், அரசுக் கணக்கில் லலித்பூர். காத்மாண்டிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர். பக்தபூரோடு ஒப்பிடும்போது சதுக்கம் சிறியது. ஆனால் இவ்வளவு கலையை இவ்வளவு குறுகிய இடத்தில் வேறெங்கும் நெருக்கி வைக்கவில்லை. ஒரு பக்கம் நீளமாக அரண்மனை, எதிர்ப்பக்கம் வரிசையாகக் கோயில்கள், நடுவில் சமதரை. நின்ற இடத்திலிருந்தே பாதியைப் பார்த்துவிடலாம். பெரியவர்களுக்குப் பாடன் என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். கால் வலித்தால் உட்காரக் கோயில் பீடங்களும் திண்ணைகளும் எங்கும் இருக்கின்றன. ஊர்ப் பெரியவர்களும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

கிருஷ்ண மந்திர் என்கிற கற்கோயிலுக்கு முன்னால் நிதானமாக நில்லுங்கள். சித்தி நரசிம்ம மல்லர் 1637-இல் எழுப்பியது. மரமும் செங்கலுமாக இருக்கும் இந்த ஊரில் 21 சிகரங்களோடு முழுக்கக் கல்லில் எழுந்து நிற்கிறது. முதல் தளத்தைச் சுற்றி மகாபாரதக் காட்சிகள், அதற்கு மேல் ராமாயணக் காட்சிகள், சிறுசிறு சிற்பங்களாக ஓடுகின்றன. இரண்டு கதைகளும் தெரிந்த நமக்கு வழிகாட்டி தேவையில்லை. குழந்தைகளிடம் "இது எந்தக் காட்சி, சொல்" என்று விட்டுவிட்டால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஒரு தளத்தில் கிருஷ்ணன், மேலே சிவன், அதற்கும் மேலே லோகேசுவரர் என்று பௌத்த தெய்வமும் சேர்ந்து குடியிருக்கிறார்கள். பள்ளத்தாக்கில் சைவம், வைணவம், பௌத்தம் எல்லாம் ஒரே தெருவில் கலந்து வாழ்வதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

அரண்மனையின் கேசவ நாராயண சௌக் என்ற முற்றம் இப்போது பாடன் அருங்காட்சியகம். ஆஸ்திரிய உதவியோடு புதுப்பித்து 1997-இல் திறந்தார்கள். இதற்காகவே பாடனைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்வேன். வெண்கலச் சிலைகளை வரிசையாக அடுக்கிப் பெயரொட்டிய கூடமாக அது இல்லை. முத்திரை எதைக் குறிக்கிறது, ஒரே தெய்வம் சாந்தமாகவும் உக்கிரமாகவும் ஏன் வருகிறது, மெழுகு வார்ப்பில் சிலை எப்படி உருவாகிறது, செம்புத் தகட்டைத் தட்டித் தட்டி உருவம் எப்படி எழுகிறது என்று படிப்படியாக விளக்குகிறது. பயணத்தின் முதல் நாளில் இங்கே இரண்டு மணி நேரம் செலவிட்டால், மற்ற எல்லா இடங்களிலும் உங்கள் கண் வேறு மாதிரி வேலை செய்யும். பாடனைக் கடைசி நாளுக்குத் தள்ளுகிறவர்கள் இந்தப் பலனை இழக்கிறார்கள்.

அடுத்தது மூல் சௌக். தலேஜு சன்னதி வாசலின் இருபுறமும் பொன் முலாம் பூசிய கங்கையும் யமுனையும் நிற்கிறார்கள். அதற்கடுத்த சுந்தரி சௌக்கின் நடுவே தரைக்குக் கீழே இறங்கும் தூஷா ஹிதி, மன்னரின் நீராடும் குளம். சுவர் முழுக்கச் சின்னஞ்சிறு தெய்வச் சிலைகள். மன்னர் அன்றாடம் நீராடும் இடத்தையே ஒரு கோயிலாகச் செய்து வைத்திருக்கிறார்கள். சதுக்கத்தின் வடக்கு ஓரத்தில் மங்கா ஹிதி இருக்கிறது. லிச்சவி மன்னர்கள் காலத்திலிருந்து மகர வாய்களில் நீர் கொட்டும் துறை. மல்லர்களுக்குப் பல நூற்றாண்டு முந்தையது. ஊர்ப் பெண்கள் இன்றும் குடம் வைத்துப் பிடிக்கிறார்கள்.

சதுக்கத்தை விட்டு வடக்கே சில நிமிடம் நடந்தால் பொற்கோயில் எனப்படும் ஹிரண்யவர்ண மகாவிகாரம். தோல் செருப்பு, பெல்ட் கூடாது. அங்கே பூசை செய்யும் பொறுப்பு ஒரு சிறுவனுடையது. இன்னும் சற்று தூரத்தில் ஐந்தடுக்குக் கூரையோடு கும்பேசுவரர். அங்குள்ள குளத்துக்கு மலைமேல் உள்ள கோசாயிகுண்ட ஏரியிலிருந்து நீர் வருவதாக நம்பிக்கை. ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும் பௌர்ணமியில் அங்கே பூணூல் மாற்றக் கூட்டம் நெரியும்.

பாடனின் குறை என்ன? சதுக்கத்தைத் தாண்டினால் நவீன நகரம் உடனே வந்துவிடுகிறது. காத்மாண்டோடு ஒட்டி வளர்ந்துவிட்ட ஊர். ஒரு பழைய நகரத்துக்குள்ளேயே இருக்கிறோம் என்ற உணர்வு அங்கே அதிக நேரம் நீடிக்காது.

பக்தபூர், கூடவே சாங்கு நாராயண்

அந்த உணர்வு வேண்டும் என்றால் கிழக்கே சுமார் 13 கிலோமீட்டர் போக வேண்டும். நெரிசலைப் பொறுத்து ஒரு மணி நேரம் பிடிக்கலாம். ஊருக்கு வெளியே வண்டியை விட்டுவிட்டு உள்ளே நடக்க வேண்டும். காலடியில் செங்கல், பக்கங்களில் செங்கல், மேலே செதுக்கிய மரச் சாளரங்கள். ஒரு சதுக்கத்திலிருந்து அடுத்த சதுக்கத்துக்குப் போகும் சந்துகளிலும் அது விட்டுப் போவதில்லை. காத்மாண்டிலும் பாடனிலும் சதுக்கம் மட்டுமே பழையது, பக்தபூரில் ஊரே பழையது என்பேன்.

முதலில் வரும் தர்பார் சதுக்கத்தில் சிலருக்கு ஏமாற்றம்கூட ஏற்படும். விசாலமாக, சற்றே வெறிச்சோடி இருக்கும். 1934-இல் இங்கே விழுந்த கோயில்கள் பல திரும்ப எழவில்லை என்பதே காரணம். ஆனாலும் 55 சாளர அரண்மனையும், கடைசி மல்ல மன்னர் ரஞ்ஜித் மல்லர் செய்வித்த பொன்வாசலும் அந்த வெறுமையை ஈடுகட்டுகின்றன. வாசலின் மேலே கருடனும் பல கைகளோடு தலேஜு தேவியும், செம்புத் தகட்டில் பொன் முலாம். பல்லாண்டுப் போட்டியின் கடைசியில் வந்த உச்சம் அது. 1769-இல் தோற்ற ரஞ்ஜித் மல்லர் எஞ்சிய நாட்களைக் கழிக்கக் காசிக்குப் போனார். அந்த வாசலைப் பார்க்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து ஒரு சந்து வழியாக தௌமடிச் சதுக்கத்துக்கு வந்தால் திடீரென்று நியாத்தபோலா கோயில் எதிரே எழும். 1702-இல் பூபதீந்திர மல்லர் கட்டியது. ஐந்தடுக்குப் பீடம், அதன் மேல் ஐந்தடுக்குக் கூரை, சுமார் 30 மீட்டர் உயரம். படிகளின் இருபுறமும் காவல்: கீழே ஜயமல், பட்டா என்ற மற்போர் வீரர்கள், அவர்களுக்கு மேல் யானைகள், பிறகு சிங்கங்கள், பிறகு சிறகுள்ள யாளிபோன்ற விலங்குகள், உச்சியில் பாகினி, சிங்கினி தேவிகள். ஒவ்வொரு இணையும் தனக்குக் கீழுள்ளதைவிடப் பத்து மடங்கு வலிமை என்று சொல்வார்கள். உள்ளே சித்திலட்சுமி. பூசாரிகளைத் தவிர யாருக்கும் தரிசனம் இல்லை. பக்கத்துக் கோயில் பைரவரின் உக்கிரத்தைத் தணிக்கவே இவளை இங்கே எழுந்தருளச் செய்தார்கள் என்பது மரபு. 1934, 2015 இரண்டு நடுக்கங்களிலும் இந்தக் கோயில் நின்றது. அகன்று படிந்த பீடமும், சுவரும் மரமும் சேர்ந்து அசைந்து கொடுக்கும் கட்டுமானமும் அதைக் காத்தன என்கிறார்கள் பொறியாளர்கள்.

இங்கே அவசரப்படாதீர்கள். படிகளில் ஏறி உட்கார்ந்து கீழே நடப்பதைப் பாருங்கள். காலையில் தட்டில் அரிசியும் பூவும் குங்குமமும் ஏந்திப் பெண்கள் வீட்டிலிருந்து கிளம்பி, தெருமுனைப் பிள்ளையார், நடைபாதையில் பதித்த கல், பைரவர் வாசல் என்று ஒவ்வொன்றாகப் பூசித்துக்கொண்டே போவார்கள். மணியோசை ஒவ்வொரு சந்திலிருந்தும் வரும். இது காலை ஏழு மணிக்கு முன் நடப்பது. பத்து மணிக்குச் சுற்றுலா வண்டிகள் வந்து சேரும்போது ஏறக்குறைய முடிந்துவிடும். நான் ஓர் இரவு தங்கச் சொல்வது இந்தக் காலை நேரத்துக்காகத்தான். மாலையிலும் அப்படியே. பகல்நேரப் பயணிகள் போன பிறகு மண்டபத் திண்ணைகளில் பஜனை தொடங்கும். டோலக்கும் தாளமுமாக முதியவர்கள் பாடுவார்கள். யாரும் உங்களுக்காகப் பாடுவதில்லை, நீங்கள் ஓரமாக அமர்ந்து கேட்பதை யாரும் தடுப்பதுமில்லை.

கிழக்கே பதினைந்து இருபது நிமிட நடையில் தத்தாத்ரேயர் சதுக்கம். யக்ஷ மல்லர் காலத்துக் கோயில், ஒரே மரத்தின் கட்டையால் ஆனது என்று சொல்வார்கள். அதன் பக்கத்தில் பூஜாரி மடம். அதை ஒட்டிய சந்தில் புகழ்பெற்ற மயில் சாளரம். தோகை விரித்த மயிலைச் சுற்றிச் சிறு பறவைகள், எல்லாம் மரத்தில். சந்து குறுகலாக இருப்பதால் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். தெற்கே குயவர் சதுக்கத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும், பானைகள் வெயிலில் காயும். அந்த மண் கிண்ணங்களில்தான் பக்தபூரின் பெயர்பெற்ற ஜுஜு தௌ தயிரை உறைய வைக்கிறார்கள். கெட்டியாக, லேசான இனிப்போடு இருக்கும். தயிர்சாதக்காரர்களான நம்மவர்கள் அதை ஒரு கிண்ணத்தோடு நிறுத்தமாட்டார்கள்.

இந்த ஊர் தன் கோயில்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதும் என் தேர்வுக்கு ஒரு காரணம். 2015-இல் விழுந்த வத்சலா துர்க்கை கோயில் உட்படப் பலவற்றை உள்ளூர்க் கொத்தர்களையும் தச்சர்களையும் வைத்து, ஊர்மக்கள் குழுக்கள் மூலமாகவே மீண்டும் எழுப்பினார்கள். நாம் வாங்கும் நுழைவுச் சீட்டின் பணம் நகராட்சிக்குப் போய் இந்த வேலைகளுக்கு உதவுகிறது. அந்தச் சீட்டு மூன்று நகரங்களில் இங்கேதான் விலை கூடுதல். கொடுக்கத் தயங்காதீர்கள்.

குறைகளும் உண்டு. நடை அதிகம். செங்கல் பாவிய தெருக்களில் ஏற்ற இறக்கம் உண்டு, மழையில் வழுக்கும். பழைய வீடுகளை விடுதியாக மாற்றியிருப்பதால் மாடிப்படி செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும். லிஃப்டை எதிர்பார்க்க முடியாது. ஒன்பது மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடும்.

பக்தபூருக்குப் போகிறவர்கள் வடக்கே மலைமுகட்டில் உள்ள சாங்கு நாராயண் கோயிலை விட்டுவிடக் கூடாது. அரை மணி நேர வண்டிப் பயணம்தான். நேபாள வரலாற்றின் மிகப் பழைய தேதியிட்ட பெரிய கல்வெட்டு அங்கே தூணில் இருக்கிறது: மானதேவ மன்னர், கி.பி. 464. தந்தை தர்மதேவர் இறந்தபோது தாய் ராஜ்யவதி உடன்கட்டை ஏறத் துணிந்ததையும், மகன் அழுது தடுத்ததையும் சம்ஸ்கிருதச் செய்யுளில் அது சொல்கிறது. கோயிலுக்கு எதிரே மண்டியிட்டுக் கைகூப்பிய கருடன். முற்றத்தில் திறந்தவெளியிலேயே லிச்சவி காலச் சிற்பங்கள்: உலகளந்த பெருமாள், விசுவரூபம், நரசிம்மர், கருடன் மேல் விஷ்ணு. இந்தக் கருட நாராயணர் நேபாளத்துப் பத்து ரூபாய் நோட்டிலும் இருக்கிறார். வைணவக் குடும்பங்கள் முக்திநாத் வரை போய்விட்டு இதைத் தவறவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது. அங்கே கூட்டமும் இருப்பதில்லை.

பசுபதிநாதரையும் ஜலநாராயணரையும் எங்கே சேர்ப்பது

இவை போட்டியில் இல்லை. நம்மவர் எவரும் இவற்றை விடப் போவதில்லை, விடவும் வேண்டாம். பசுபதிநாதர் கோயிலில் நான்கு முக லிங்கத்தைத் தொட்டுப் பூசிக்கும் பட்டர்கள் தென்னிந்திய மரபில் வந்தவர்கள், பெரும்பாலும் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள். உள்முற்றத்துக்குள் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. மற்றவர்கள் பாக்மதியின் கிழக்குக் கரையிலிருந்து பார்க்கலாம். தோல் பொருள்களும் படம் எடுப்பதும் கூடாது. நண்பகலில் நடை சாத்தி மாலையில் திறப்பார்கள். ஆகவே விடியலில் போய்விடுங்கள். சனிக்கிழமை நேபாளத்தில் விடுமுறை நாள், திங்கள் சிவனுக்கு உரிய நாள். இரண்டிலும் கூட்டம் தாங்காது.

வடக்கே சிவபுரி மலையடியில் இருக்கும் ஜலநாராயணர், புதானீலகண்டா என்று உள்ளூரில் அழைக்கப்படுபவர், குளத்தின் நடுவே ஆதிசேஷன் மேல் கிடந்த கோலத்தில் இருக்கிறார். ஒரே கல்லில் செய்த, சுமார் 5 மீட்டர் நீளமுள்ள 7-ஆம் நூற்றாண்டுத் திருமேனி. கூரை கிடையாது, வானமே விதானம். அரைமணி நேரம் போதும்.

பசுபதி கோயில், பௌத்தநாத், விமான நிலையம் எல்லாம் நகரின் கிழக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பக்தபூரும் கிழக்கே. ஆகவே கடைசி இரவைப் பக்தபூரில் வைத்துக்கொண்டால் விமானத்துக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. காலையில் பசுபதி, பிறகு பௌத்தநாத், மதியத்துக்கு மேல் சாங்கு நாராயண், மாலை பக்தபூர், மறுநாள் காலை அங்கேயே, நண்பகலுக்கு மேல் விமான நிலையம். இதைவிட இயல்பான வழி எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் கையில் இருந்தால் அதைப் பாடனுக்கும் ஜலநாராயணருக்கும் கொடுங்கள். சுயம்புநாத்தும் காத்மாண்டுச் சதுக்கமும் மிஞ்சிய அரை நாளில். சிலர் சூரிய உதயத்துக்காக மலைமேல் உள்ள நாகர்கோட்டில் ஓர் இரவு தங்குவார்கள். அந்த இரவை எடுத்துப் பக்தபூருக்குக் கொடுத்தாலும், விடியலுக்கு முன் கிளம்பி நாகர்கோட் போய்வர முடியும்.

கட்டணத்தைப் பற்றி: மூன்று சதுக்கங்களிலும் சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டினருக்குக் குறைந்த கட்டணம். இந்தியக் கடவுச்சீட்டும் இலங்கைக் கடவுச்சீட்டும் அதில் அடங்கும். கனடா, பிரிட்டன் கடவுச்சீட்டோடு வரும் தமிழர்கள் முழுக் கட்டணம் தர வேண்டும், அது பல மடங்கு. அடையாள ஆவணத்தைக் கையோடு எடுத்துப் போங்கள், வேட்டி சேலையைப் பார்த்துக் கட்டணம் முடிவாவதில்லை. பக்தபூரில் தங்குகிறவர்கள் சீட்டு வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டி நாட்களை நீட்டிக்கச் சொல்லிவிடலாம். இந்திய ஒரு ரூபாய்க்கு நேபாள ரூபாய் 1.60 என்பது நிலையான மாற்று விகிதம், கடைக்காரர் சொல்லும் விலையை அப்படியே இந்திய ரூபாயாக எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். காலநிலைக்கு அக்டோபரும் நவம்பரும் சிறந்தவை. பள்ளத்தாக்கு சுமார் 1,400 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, முக்திநாத்தில் வருவதுபோல் மூச்சுத் திணறல் பயம் இங்கே வேண்டாம்.

இவ்வளவையும் ஒரு திருவிழா தலைகீழாக்கிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். உங்கள் தேதி செப்டம்பரை ஒட்டி இந்திர ஜாத்திரையில் விழுந்தால், நான் அரை நாளுக்குத் தள்ளிய காத்மாண்டுச் சதுக்கத்துக்கே முழு நாளையும் கொடுங்கள். குமாரி தேரில் வருவது அப்போதுதான். ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் என்றால் பாடனில் ராதோ மச்சீந்திரநாதரின் தேர். மரக்கொம்புகளும் பிரம்பும் கொண்டு கட்டிய அந்த உயர்ந்த தேர் தெருத் தெருவாக இழுக்கப்படுவதைப் பல வாரங்களுக்குள் எப்போது போனாலும் பார்க்க முடியும். பக்தபூரின் பிஸ்கெட் ஜாத்திரை சூரிய நாட்காட்டிப்படி வருவது. ஏப்ரல் நடுவில், நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே அமையும். மேலூரும் கீழூரும் பைரவர் தேரை ஆளுக்கொரு பக்கமாக இழுத்துப் போட்டியிடுவார்கள். அந்த நாட்களில் தௌமடியை ஒட்டிய விடுதி அறைகள் மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். தேரிழுப்பு நடக்கும் நேரத்தில் குழந்தைகளையும் பெரியவர்களையும் தெருவில் நிறுத்தாமல் மாடியில் இடம் பார்த்து வையுங்கள்.